ஆவாரை விதை ஏன் முளைக்கவில்லை? மண்ணுக்குரிய செடிகளைத் தேடி வளர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பகுதிக்கே உரிய செடிகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஆசை. நர்சரியில் கேட்டால் காகிதப்பூவையும் அரளியையும் காட்டுகிறார்கள். வெளியே பறித்த ஆவாரை விதை முளைக்கவில்லை, பிடுங்கி வந்து நட்ட எருக்கும் வாடிவிட்டது. இவற்றை எங்கே தேடுவது, எப்படி வளர்ப்பது?

பதில்:

ஆவாரை விதை முளைக்காததற்குக் கைராசி காரணமில்லை. அதன் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. முதல் தூறலை நம்பி எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்துவிட்டு, அடுத்து மழை வராமல் மொத்தமும் கருகிப்போவதைத் தடுக்க இயற்கை வைத்த பூட்டு அது. காட்டில் வெயிலும் மண் உரசலும் மெல்ல மெல்லத் திறக்கிற அந்தப் பூட்டைத் தொட்டியில் நாம்தான் திறக்க வேண்டும்.

நெற்று பழுப்பாகி, ஆட்டினால் விதை சலசலக்கும்போது பறியுங்கள். உடைத்ததும் ஒவ்வொரு விதையாகப் பாருங்கள். குண்டூசியால் குத்தியதுபோல வட்டமான ஓட்டை இருந்தால் பயறு வண்டு உள்ளிருப்பதைத் தின்றுவிட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். மீதியைத் தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் பொக்கு, அவற்றை எறிந்துவிடலாம். நெற்று செடியிலேயே நாள்கணக்கில் காய்ந்து தொங்கினால் வண்டுச் சேதம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், பழுத்த நெற்றை விட்டுவைக்க வேண்டாம்.

அடுத்தது வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, ஓரிரு நிமிடம் பொறுத்து, விதையின் அளவைப்போல் பத்து மடங்கு ஊற்றி அப்படியே ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்தே விதையைக் கொதிக்கவிட்டால் உள்ளே கரு வெந்துவிடும். பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் சில விதைகள் ஊதிப் பெரிதாகியிருக்கும், சில கல்லுமாதிரி அப்படியே கிடக்கும். ஊதியதை அன்றே விதைத்துவிட வேண்டும், அதைத் திரும்பக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஊதாததை உப்புத்தாளில் தேயுங்கள். விதையில் கொப்பூழ்போல ஒரு சிறு தழும்பு தெரியும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பை, உள்ளேயிருக்கும் வெளிர் நிறம் எட்டிப் பார்க்கும்வரை மட்டும் தேய்த்து, மறுபடி ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தழும்புப் பக்கம் தேய்த்தால் முளைக்குருத்து அடிபடும். சரக்கொன்றைக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் அதன் தோல் இன்னும் தடிமன். வெந்நீரை நம்பாமல் நேரே உப்புத்தாளுக்குப் போய்விடலாம், நகவெட்டியால் விளிம்பைச் சற்றுக் கிள்ளியும் விடலாம்.

எல்லா விதைக்கும் இதையே செய்துவிடாதீர்கள். வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை போன்றவற்றுக்கு இந்தப் பூட்டே கிடையாது. அவற்றின் சிக்கல் நேர் எதிரானது: நெடுநாள் பத்திரப்படுத்தினால் செத்துவிடும். வேம்பும் நாவலும் பழத்திலிருந்து எடுத்து இரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குப் போக வேண்டும். சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஈரம் போக உலர்த்தினால் போதும். புங்கன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதற்கும் சில மாதங்கள்தான் கெடு. ஆகவே யாராவது "போன வருஷத்து வேப்ப விதை இருக்கிறது, தரட்டுமா?" என்றால் வாங்காதீர்கள். போன வருஷத்து ஆவாரை என்றால் தாராளமாக வாங்கலாம்.

விதைக்கும் கலவை எளியது. மணல் இரண்டு பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு, மக்கிய சருகு ஒரு பங்கு. கல்லுடைத்த மணல் என்றால் அதிலிருக்கும் மாவுத்தூசி போகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட்மாதிரி இறுகும். விதையின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். தும்பை போன்ற பொடி விதையை மூடவே வேண்டாம், மேலே தூவிக் கையால் அழுத்திவிட்டால் சரி. நாற்று நாலு இலை விடுவதற்குள் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு என்பதுதான் காரணம். மேற்பரப்பில் அரை விரல்கடை வெறும் மணல் பரப்பி, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் நீர் விட்டால் பெரும்பாலும் வராது.

எருக்கு வாடியதற்கு வருவோம். எருக்கும் ஆவாரையும் வறண்ட நிலத்துச் செடிகள். மேலே ஒரு முழம் தெரிந்தால் கீழே ஆணிவேர் அதைவிட ஆழம் போயிருக்கும். பிடுங்கும்போது அது அறுந்தால் செடி பிழைப்பது அரிது. வளர்ந்த செடியைத் தோண்டிக் கொண்டுவருவதால் அங்கே ஒன்று குறைகிறது, இங்கேயும் ஒன்று சேர்வதில்லை. விதை அல்லது குச்சி, இந்த இரண்டு வழிதான் உருப்படும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் விதை பொறுக்குவதே பல இடங்களில் குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாலையோரம், தரிசு, தெரிந்தவர் தோட்டம் ஆகியவையே போதும். அங்கேயும் ஒரு செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எடுங்கள். பல தாய்ச்செடி விதை என்றால் ஒரே நோயில் எல்லாம் போகாது.

குச்சியில் வருவதற்கு நொச்சி நல்ல தொடக்கம். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், நாலு கணு உள்ள முற்றிய குச்சி. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நாற்றுப்பையில் நட்டு நிழலில் வையுங்கள். இதில் ஒரு ஏமாற்று உண்டு. சில வாரங்களில் மேல் கணுவில் பச்சைத் துளிர் வந்துவிடும், கீழே வேர் ஒன்றுமே இருக்காது. குச்சிக்குள் இருந்த சேமிப்பில் விட்ட இலை அது. பிடித்துவிட்டது என்று நம்பி அப்போதே வெயிலுக்கு மாற்றினால் நாலே நாளில் காய்ந்துவிடும். பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தலைகாட்டும்வரை பொறுங்கள், இழுத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள்.

செங்காந்தள் கேட்பவர்கள் அதிகம். அதன் கிழங்கு கவட்டைபோல இரண்டு கிளையாக இருக்கும், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கிளை பெரும்பாலும் வீண். மழைக்காலம் தொடங்கும்போது படுக்கை வாட்டில் நாலு விரல்கடை ஆழத்தில் வைத்து, பற்றி ஏற மெல்லிய குச்சியோ வேறொரு புதரோ கொடுங்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் என்பதால் தடித்த கம்பு அதற்குப் பிடிபடாது. பூத்து முடிந்து கொடி மஞ்சளாகிக் காய்ந்தால் செத்துவிட்டதென்று தண்ணீர் ஊற்றாதீர்கள். கிழங்கு உறங்குகிறது, அந்த மாதங்களில் ஈரம் பட்டால் அழுகும். செடி முழுதும், குறிப்பாகக் கிழங்கில், கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சின்னக் குழந்தைகளோ மண்ணைக் கிளறும் நாயோ இருக்கும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, எது நம் மண்ணுக்குரியது என்ற கேள்வி. இதில் கண்ணும் பழக்கமும் நிறையவே ஏமாற்றும். நித்தியகல்யாணி மடகாஸ்கர் செடி. மஞ்சள் அரளியும் உண்ணிச்செடியும் வெட்டுக்காயப் பூண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. புளியமரமே ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பல தலைமுறையாக ஊரில் நிற்பதும், தானாகப் பரவுவதும் உரிமைச் சான்றாகாது. தலைகீழாகவும் நடக்கும்: இந்தியாவில் இயல்பாக வளரும் கருவேலம் ஆஸ்திரேலியாவில் தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட களை. எனவே நீங்கள் எந்த நாட்டில் இருந்து கேட்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் பதில் தேட வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி, லண்டன் கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளம். தாவரவியல் பெயரைக் கொடுத்தால் உலக வரைபடம் வரும். செடி இயல்பாக வளரும் பகுதி பச்சையிலும், பிறகு கொண்டுசெல்லப்பட்ட பகுதி ஊதாவிலும் இருக்கும். தாவரவியல் பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் ஏற்றுங்கள். பூவை மட்டும் எடுத்தால் போதாது. இலையின் இரு பக்கம், தண்டில் இலை அமைந்த விதம், காய், முழுச் செடி ஆகிய படங்கள் இருந்தால்தான் அறிந்தவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். செயலி தானாகச் சொல்லும் முதல் பெயரை அப்படியே நம்ப வேண்டாம்.

உதாரணத்துக்கு, மஞ்சள் பூவும் கூட்டிலையும் கொண்ட செடிகளை எல்லாம் ஆவாரை என்று தருகிறவர்கள் இருக்கிறார்கள். இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காதுமடல்போல அகன்ற இலையடிச் செதில் இரண்டு, உதிராமல் நிற்கும். அடுத்து நெற்று: தட்டையாக, காகிதம்போல் மெல்லியதாக, விதைக்கும் விதைக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கும். இரண்டும் பொருந்தினால் சென்னா ஆரிகுலேட்டா என்று எழுதிக்கொள்ளலாம்.

செடியைத் தேர்வதற்கு முன்பு உங்கள் நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளவுகோலால் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய எதையும் நடலாம். மறுநாளும் தேங்கி நின்றால் ஆவாரையை மறந்துவிட்டு, ஓடைக்கரையிலும் வளர்கிற நொச்சி, புங்கன் பக்கம் போங்கள், அல்லது மண்ணை மேடாகக் கூட்டி நடுங்கள். எத்தனை மணிநேரம் நேர் வெயில் என்பதையும் குறித்துக்கொண்டு, அதே மாதிரி மண்ணும் வெயிலும் உள்ள வெளியிடத்தில் எது பராமரிப்பே இல்லாமல் நிற்கிறது என்று பார்த்து அதன் விதையை எடுப்பதுதான் என்னைக் கேட்டால் மிகச் சிறந்த தேர்வு முறை. எந்தப் பட்டியலும் இதற்கு ஈடாகாது.

நடும்போது குழியில் தொழு உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். களிமண்ணில் உரக்குழி ஒரு தொட்டியாகவே ஆகிவிடும்: மழைநீர் தேங்கும், வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள், மிஞ்சிப்போனால் பத்தில் ஒரு பங்கு மக்கு. பையிலிருந்து எடுக்கும்போது அடியில் ஆணிவேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். அப்படியே நட்டால் சில வருடம் கழித்து ஒரு பலத்த காற்றில் மரம் சாயும். சருகு மூடாக்கு மூன்று அங்குலம் இருக்கலாம், தண்டை மட்டும் தொடக்கூடாது. முதல் மாதம் வாரம் இருமுறை செடிக்கு ஒரு வாளி, பிறகு வாரம் ஒருமுறை, இரண்டாம் வருடம் முதல் நீண்ட வறட்சியில் மட்டும். தினம் ஒரு குவளை ஊற்றுவது மோசமான பழக்கம், வேர் மேலேயே தங்கிவிடும்.

பயறு குடும்பம் என்பதால் ஆவாரை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று எழுதுகிறார்கள். அந்த வேலையைச் செய்வது வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள். ஆனால் ஆவாரையும் சரக்கொன்றையும் வேர்முடிச்சு விடுவதில்லை. புங்கன் விடும்.

கடைசியாகப் பூச்சி. எருக்கில் வரிவரியாக ஒரு புழு தின்றுகொண்டிருந்தால் அது பிளெய்ன் டைகர் வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. செடி இலையிழந்தாலும் மறுபடி துளிர்க்கும், வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள். எருக்கின் குருத்தில் மொய்க்கும் மஞ்சள் அசுவினிக்குப் பீய்ச்சிய தண்ணீர் போதும். புங்க இலையில் பரு பருவாகப் புடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்த வேலை. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரத்துக்குக் கேடில்லை. எருக்கை வெட்டும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் தெறித்தால் உடனே வலிக்காது, சில மணிநேரம் கழித்துக் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணிநேரம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.