ஒருநாள் மலைப் போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன்: வாசகர் கேள்விகள்

மலைநாட்டில் ஒரே நாளில் ஓடி முடிக்கும் மவுண்டன் பைக் போட்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்கள் எல்லோரும் திருகோணமலைப் பக்கத்தில், கடல்மட்டத்தில் சைக்கிள் மிதிப்பவர்கள். அதை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இரண்டு போட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 60 கிலோமீற்றர், மொத்த ஏற்றம் 2,400 மீற்றர். மற்றது 90 கிலோமீற்றர், ஏற்றம் 1,800 மீற்றர். முதல் தடவை என்பதால் சிறியதில் தொடங்கலாமா? (உவர்மலை)

இந்த இரண்டில் எது சிறியது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். முதலாவதில் கிலோமீற்றருக்கு 40 மீற்றர் ஏற்றம் வருகிறது, இரண்டாவதில் 20. கிலோமீற்றருக்கு 20 என்பது பழகியவர் சமாளிக்கக்கூடிய அளவு. 40 என்றால் கடுமையான மலைப் போட்டி. இத்தாலியின் டொலமைற் மலைகளில் நடக்கும் ஹீரோ போட்டியின் நீளப் பாதை 86 கிலோமீற்றர், 4,500 மீற்றர். அங்கே இந்த எண் 52 ஆகிறது. அமெரிக்காவின் லெட்வில் 100 அதைவிட இரு மடங்கு நீளமாக இருந்தும் இந்த எண் அதில் பாதிகூட வராது. அதன் கடுமை வேறு இடத்தில் இருக்கிறது: 3,000 மீற்றர் உயரத்தில் தொடங்கி இன்னும் மேலே ஏறுகிறது.

அடுத்தது நேரம். நல்ல பயிற்சியுள்ள, ஆனால் மலை பழகாத ஒருவருக்கு இப்படிக் கணக்கிடுங்கள்: தூரத்தை 20ஆல் வகுத்தால் வருவது ஒரு பங்கு மணித்தியாலம், ஏற்றத்தை 500ஆல் வகுத்தால் வருவது இன்னொரு பங்கு. இரண்டையும் கூட்டுங்கள். முதல் போட்டிக்கு 3 மணி, அத்துடன் 4.8 மணி, ஆக 7.8. இரண்டாவதற்கு 4.5 மணி, அத்துடன் 3.6 மணி, ஆக 8.1. முப்பது கிலோமீற்றர் வித்தியாசம் இருபது நிமிடத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

நேரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எந்த வேலை உங்களுக்குக் கைவந்தது என்று பாருங்கள். சமதரையில் நீண்ட நேரம் ஒரே சீராக மிதிப்பது திருகோணமலைக்காரருக்குப் பழக்கம். 2,400 மீற்றர் ஏறும் சுற்றுப் பாதையில் அதே 2,400 மீற்றரை இறங்கவும் வேண்டும். முதன்முறையாகப் போட்டியிடும் பலரைக் கவிழ்ப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான்: கை விறைத்து, முன்னங்கை இறுகி, பிறேக் பிடிக்க விரல் மறுக்கும். ஆகவே 90 கிலோமீற்றர் போட்டியையே எடுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. ஏற்பாட்டாளரிடம் உயர வரைபடத்தைக் கேட்டு, மிக நீளமான தனி ஏற்றம் எத்தனை மீற்றர் என்று பாருங்கள். 1,800 மீற்றரும் நாலைந்து துண்டாக வந்தால் நல்லது. ஒரே மூச்சில் 1,000 மீற்றர் ஏறச் சொன்னால் இன்னொரு போட்டியைத் தேடுங்கள்.

வரைபடத்தில் தெரியாதது தரை. தேயிலைத் தோட்டத்துக் கல் பதித்த பாதையா, கிரவலா, வேர்கள் குறுக்கிடும் ஒற்றையடிப் பாதையா என்று கேளுங்கள். ஒற்றையடிப் பாதை அதிகமென்றால் 20ஆல் வகுத்த இடத்தில் 12ஆல் வகுங்கள்.

மேலே சொன்ன 60 கிலோமீற்றர் போட்டிக்கு மொத்தம் 9 மணித்தியாலம் தருகிறார்கள். காலை 6.30க்குத் தொடக்கம், 32ஆவது கிலோமீற்றரை 11 மணிக்குள் கடக்க வேண்டும். போதுமா? (கிண்ணியா)

மொத்த நேரம் போதும். நடுவழியில் வைத்திருக்கும் நேர எல்லை போதாமல் போகலாம். முதல் 32 கிலோமீற்றருக்குள் எவ்வளவு ஏற்றம் என்று பாருங்கள். அதில் 1,500 மீற்றர் அடங்கியிருந்தால் 1.6 மணியும் 3 மணியும் சேர்ந்து 4.6 மணி ஆகிறது. உங்களிடம் இருப்பது 4.5. தண்ணீர் நிரப்பும் நேரத்தையோ, ஒரு ரியூப் மாற்றும் பத்து நிமிடத்தையோ இதில் சேர்க்கவில்லை. முழுப் போட்டியையும் முடிக்கக்கூடிய ஒருவர் பாதி வழியில் நிறுத்தப்படுவது இப்படித்தான். ஒவ்வொரு எல்லைக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, குறைந்தது 30 நிமிடம் மிஞ்சினால் மட்டும் பெயர் கொடுங்கள்.

ஏற்றம் தொடக்கத்திலேயே குவிந்திருக்கும் பாதையில் தொடக்க வரிசையும் முக்கியம். பாதை ஒடுங்கும் இடத்தில் பின்வரிசையில் நிற்பவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக நேரும்.

எங்களிடம் மலையே இல்லை. கோணேசர் கோயில் ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறினால் போதுமா? (உப்புவெளி)

அந்த ஏற்றம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். பக்தர்களும் வாகனங்களும் நிறைந்த வழி அது, மானும் குறுக்கே வரும். வேகத்தோடு இறங்கிப் பழக ஏற்ற இடமல்ல. ஏற்றத்துக்குக் காலைத் தயார்ப்படுத்த கச்சான் காற்று போதும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அது வீசும்போது, எதிர்த்திசையில் பாரமான கியரில், நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்று மட்டும் மிதியுங்கள். பத்து நிமிடம் மிதித்து ஐந்து நிமிடம் ஆறி, நாலு தடவை செய்யுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு வாரம். சீற்றிலேயே இருங்கள். முழங்கால் முன்பக்கம் நொந்தால் கியரைக் குறைத்து, சீற் உயரத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். வெயில் ஏறுமுன் முடிக்க நினைத்து விடியற்காலையில் கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போகாதீர்கள். யானை கடக்கும் நேரம் அது.

இறக்கத்தைக் காற்று கற்றுத்தராது. போட்டிக்கு முன் இரண்டு வார இறுதியாவது மாத்தளைப் பக்கம் போங்கள். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாய்க்கு ஏறும் வீதியில் நீண்ட நேரம் நிற்காமல் ஏறலாம், பிறகு அதே அளவு இறங்கலாம். இறங்கும்போது இரு பெடலையும் கிடைமட்டமாக வைத்து எழுந்து நில்லுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிறேக்கை விடுங்கள். தொடர்ந்து மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிறேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும், கையும் களைக்கும். விட்டு விட்டு, பிடிக்கும்போது உறுதியாகப் பிடியுங்கள்.

எந்த மாதத்தில் நடக்கும் போட்டி நல்லது? (சீனக்குடா)

மாதத்தை மட்டும் பார்க்காமல் மலையின் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன், ஜூலையில், ஹட்டன் பக்கச் சரிவுகள் நனைந்து சேறாக இருக்கும். அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசெம்பர், ஜனவரியில் இது தலைகீழ்: நம்மூரில் மழை கொட்டும்போது கிழக்குச் சரிவிலும் கொட்டும். பெப்ரவரி கடைசியும் மார்ச்சும் பொதுவாக இரு பக்கத்துக்கும் நல்ல காலம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வரும் என்பதால் விடியற்காலையில் தொடங்கும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகைதான். காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டையும் முழுவிரல் கையுறையும் சட்டைப் பையில் இருக்கட்டும். வியர்வையோடு உச்சியைத் தொட்டு அப்படியே இறங்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும்.

என்னிடம் இருப்பது 26 அங்குலச் சில்லுள்ள பழைய சைக்கிள். முன்னுக்கு 42, 32, 22 பல், பின்னுக்கு 11 முதல் 32 வரை. புதியது வாங்கியே ஆகவேண்டுமா? (நிலாவெளி)

ஏறுவதற்காக என்றால் வேண்டாம். உங்கள் மிகச் சிறிய கியர் 22க்கு 32, அதாவது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு 0.69 சுற்று. இன்றைய சைக்கிளில் முன்னுக்கு 32, பின்னுக்கு 51 பல் இருந்தால் 0.63. பின்னுக்கு 42 மட்டுமே உள்ள சைக்கிளுக்கு 0.76, அது உங்களுடையதைவிடப் பாரம். உங்கள் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகம் வரும். அதற்கும் கீழே போகும் சரிவில் இறங்கித் தள்ளுவதே மேல்.

நம்மூரில் அந்த 22 பல் சில்லுக்கு வேலையே வருவதில்லை என்பதுதான் சிக்கல். உப்புக் காற்றில் முன் கியர் வயர் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். மலையடிவாரத்தில் மாற்றப் பார்த்தால் செயின் இறங்காது, அல்லது உள்பக்கமாக விழும். வயரையும் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். செயின் தேய்மானத்தை அளவுகோலால் பாருங்கள். எட்டுக் கியர் செயின் 0.75 வீதம் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். பின் பற்சில்லும் தேய்ந்திருந்தால் புதுச் செயின் அதில் வழுக்கும், இரண்டையும் மாற்ற நேரும். றிம்மில் பிடிக்கும் பிறேக் என்றால் மழைச் சேற்றில் ஒரே நாளில் கட்டை கரையலாம். ஒரு சோடியையும் அதைப் பூட்டும் அலன் சாவியையும் கொண்டு போங்கள். கடற்கரை மணலில் ஓடிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

இங்கே அடித்த காற்று மேலே போனதும் மாறுமா? (பாலையூற்று)

உயரமும் குளிரும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஈடுசெய்துவிடும். சுமார் 1,900 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் தெரியும் ரயரின் காற்றழுத்தம் 3 பிஎஸ்ஐ கூடும். 32 பாகையிலிருந்து 15 பாகைக்கு இறங்கும் குளிர் அதில் 2 பிஎஸ்ஐயைத் திரும்ப எடுத்துவிடும். போட்டிக் காலையில் அதே மானியால் ஒருமுறை பாருங்கள். 65 கிலோ எடையுள்ளவர், 2.25 அங்குல ரயர், ரியூப் இல்லாத முறை என்றால் முன்னுக்கு 20 முதல் 22, பின்னுக்கு 23 முதல் 25. ரியூப் உண்டென்றால் 28க்குக் குறைக்காதீர்கள். கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் இரட்டைத் துளை விழும். ரியூப் இல்லாத ரயருக்குள் துளையடைக்க ஊற்றும் பால் நம்மூர் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். கிளம்பும் வாரத்தில் வால்வைக் கழற்றிப் பார்த்து நிரப்புங்கள்.

போட்டியில் ஜீவனி கரைத்துக் குடித்தால் போதாதா? (தம்பலகாமம்)

ஜீவனி வயிற்றோட்டத்துக்கான மருந்து. அந்த வகைக் கரைசலில் ஒரு லீற்றருக்குச் சீனி வெறும் 13.5 கிராம். மணிக்கு மணி உங்களுக்கு வேண்டியதோ சுமார் 60 கிராம் மாச்சத்து. ஒரு லீற்றர் தண்ணீரில் குவிக்காமல் மட்டமாக அளந்த ஐந்து மேசைக்கரண்டி சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் தேசிக்காய்ப் புளியும் கலந்தால் அந்த 60 கிராம் கிடைக்கும். மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் குடித்து, மீதியை வாழைப்பழம், பேரீச்சம்பழம், பனங்கட்டித் துண்டு என்று நிரப்புங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்று 25 கிராம் தரும். குளிரில் தாகம் எடுக்காது, பசியும் தெரியாது. முதல் அரை மணியிலேயே தொடங்கி, மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள். காலையில் மூன்று மணித்தியாலம் முந்தி இடியப்பமும் கொஞ்சம் சொதியும். தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டும் கடலையும் அன்றைக்கு வேண்டாம்.

அண்ணா சுவிஸில் இருக்கிறார். அங்கே கிராண்ட் ரெய்டுக்கு வரச் சொல்கிறார். முடியுமா? (மூதூர்)

வெர்பியேயிலிருந்து கிரிமென்ஸ் வரை முழுப் பாதை 125 கிலோமீற்றர், ஏற்றம் 5,025 மீற்றர். மேலே சொன்ன கணக்கில் 16 மணித்தியாலம் தாண்டுகிறது. அதை இப்போது எண்ண வேண்டாம். அதே போட்டியை வழியிலுள்ள வேறு ஊர்களிலிருந்தும் தொடங்கலாம். எவொலேனிலிருந்து சுமார் 37 கிலோமீற்றர்தான். ஆனால் எங்கிருந்து தொடங்கினாலும் 2,787 மீற்றர் உயரமுள்ள பா-டெ-லோனா கணவாயைக் கடந்தாக வேண்டும். அதன் மேல்பகுதியில் பெரும்பாலோர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ தோளில் சுமந்தோதான் ஏறுகிறார்கள். சைக்கிளைச் சுமந்து நடக்கத் தோதான அடியுள்ள சப்பாத்து வாங்குங்கள். ஓரிரு வாரம் முந்திப் போய் அண்ணாவோடு மலையில் ஏறிப் பழகுங்கள்.

பஸ்ஸில் சைக்கிளைக் கண்டிக்குக் கொண்டுபோனால் என்ன கெடும்? (திருகோணமலை நகரம்)

பின் கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டு, ஹாங்கர், வளையும். வளைந்தால் பெரிய பற்சில்லில் கியர் சில்லுக் கம்பிக்குள் புகுந்து எல்லாவற்றையும் உடைக்கும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அது வேறு அளவு, கண்டிக் கடையில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இங்கேயே ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். செயினைப் பெரிய பற்சில்லில் போட்டுவிட்டு, பின் கியரைக் கழற்றிச் சட்டகத்தின் உள்பக்கம் துணியால் சுற்றிக் கட்டுங்கள். சில்லைக் கழற்றினால் டிஸ்க் பிறேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த மட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். சில்லு இல்லாதபோது யாராவது பிறேக்கைப் பிடித்தால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. அப்படி நடந்தால் தட்டையான ரயர் நெம்பியால் மெல்லப் பிரித்துவிடலாம், திருப்புளியை உள்ளே விடாதீர்கள்.