சரக்கு வண்டிதான், அதுக்கென்ன இப்போ?

கேள்வி: என் பையன் ஏர்ஃபோர்ஸ்ல பைலட்டா செலக்ட் ஆனப்ப ஊரே கொண்டாடிச்சு. இப்ப ட்ரெய்னிங்ல ஃபைட்டர் கிடைக்காம ட்ரான்ஸ்போர்ட்ல போட்டுட்டாங்க. பொண்ணு பாக்கப் போற எடத்துல எல்லாம் மொதல்ல "ஃபைட்டரா?"ன்னுதான் கேக்குறாங்க, ட்ரான்ஸ்போர்ட்னு சொன்னா மூஞ்சி மாறுது. லாரி ஓட்டுற மாதிரி மூட்டை ஏத்தி எறக்குற வேலைக்கா இவன் இவ்ளோ கஷ்டப்பட்டான்? ரெண்டு மூணு வருஷத்துல வெளிய வந்து ஏர்லைன்ஸ்ல சேந்துடலாமா?
- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: மொதல்ல லாரிக்காரரை விடுங்க சார். அவரு வண்டி எடுக்கலைன்னா நாளைக்கு உங்க வீட்டு சாம்பார்ல வெங்காயம் இருக்காது, அந்த வேலையில என்ன கேவலம்னு எனக்குப் புரியல. ஆனா நீங்க சொல்ல வர்றது வேற, ஈஸியான வேலை, ரிஸ்க் இல்லாத வேலை, ரெண்டாம் தர வேலைங்கிறதைத்தான் சுத்தி வளைச்சு லாரின்னு எழுதியிருக்கீங்க. மூணுமே தப்பு, அதுலயும் நடுவுல இருக்கிறது ரொம்பவே தப்பு.

ஃபைட்டர் பைலட்டை நான் கொறைச்சு சொல்லல. ஆனா அமைதியான காலத்துல அவரு பறக்கிறதுல பெரும்பகுதி பயிற்சிதான், நாளைக்கு சண்டை வந்தா தயாரா இருக்கணும்ல. ட்ரான்ஸ்போர்ட் பைலட்டுக்கு அந்த நாளைக்குங்கிற பேச்சே கிடையாது. சியாச்சின்ல நிக்கிற பையனுக்கு இன்னிக்கும் மண்ணெண்ணெய் வேணும், நாளைக்கும் வேணும், பொங்கல் அன்னிக்கும் வேணும். அதை யாரு கொண்டு போறாங்கன்னு நெனைக்கிறீங்க?

சண்டிகர்ல ஒரு ஏ.என்-32 (ரெண்டு எஞ்சின் சரக்கு விமானம்) பைலட்டோட காலை நேரத்தை எடுத்துக்குங்க. ஊரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, மெட் ப்ரீஃபிங்ல, அதாவது வானிலை விவரம் சொல்ற எடத்துல, லடாக்ல இருக்கிற லே பக்கம் மேகம் எப்படி, காத்து எப்படின்னு கேட்டுட்டு, குளிர்காலமா இருந்தா சண்டிகர்லயே கண்ணு தெரியாத பனிமூட்டம் எப்ப விலகும்னு காத்துக்கிட்டு, அதுக்கப்புறம்தான் வண்டியத் தொடவே முடியும். லே ஏர்ஃபீல்ட் 10,682 அடி உயரத்துல இருக்கு. அந்த உயரத்துல காத்து மெலிசு, எஞ்சினுக்கும் பவர் கொறையும், எறக்கைக்கும் தூக்கு சக்தி கொறையும். வெயில் ஏற ஏற இன்னும் மோசம், மத்தியானத்துக்கு மேல பள்ளத்தாக்குல காத்து வேற பிச்சுக்கிட்டு அடிக்கும், அதனாலதான் அங்க வேலைய முடிஞ்ச வரைக்கும் காலையிலயே முடிச்சுடுவாங்க. இன்னிக்கு டெம்பரேச்சர் இவ்ளோ, அப்ப எத்தனை கிலோ ஏத்தலாம், ஏறும்போது ஒரு எஞ்சின் போயிட்டா மலைக்கு நடுவுல எந்தப் பக்கம் திரும்ப எடம் இருக்கு, எந்த எடத்தத் தாண்டிட்டா திரும்பவே முடியாது, இத்தனை கணக்கும் போட்டு முடிச்சாத்தான் சார் நீங்க சொல்ற மூட்டையத் தூக்கவே முடியும். சுத்தி மலை, வர்ற வழி கிட்டத்தட்ட ஒண்ணு, போற வழி ஒண்ணு. கீழ எறங்கினாலும் பல நேரம் எஞ்சினை அணைக்க மாட்டாங்க, அந்த மெலிசுக் காத்துல திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா வம்பு. எஞ்சின் ஓட ஓட சரக்கை எறக்கி, லீவுக்குப் போற ஜவான்களை ஏத்திக்கிட்டு கெளம்ப வேண்டியதுதான். குளிர்ல ரோடு மூடிட்டா அவங்களுக்கு ஊருக்குப் போற வழியே அந்த ஃப்ளைட்தான், அன்னிக்கு மேகம் கவிஞ்சிருச்சுன்னா லீவுல ஒரு நாள் போச்சு.

எறங்க எடமே இல்லாத எடத்துக்கு ட்ராப், அதாவது பறந்துக்கிட்டே சரக்கைக் கீழ போடுறது. ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டிக்கிட்டு பின்னாடி கதவைத் தெறப்பாங்க, வெளிய குளிர் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. லோட்ல பாராசூட் கட்டியிருக்கும், பைலட் மூக்கை லேசாத் தூக்கினதும் டன் கணக்குல இருக்கிற சரக்கு உருளை மேல பின்பக்கமா ஓடும், அப்ப பாரம் மொத்தமும் வாலுக்குப் போகும், அடுத்த செகண்ட் அது வெளிய போனதும் வண்டி திடீர்னு லேசாகி மூக்கு எங்கயோ போகப் பாக்கும். இதை நேரா புடிச்சு வெச்சுக்கணும், அதுவும் ரெண்டு பக்கமும் மலைய வெச்சுக்கிட்டு. கொஞ்சம் தள்ளி விழுந்தா அந்த சாமான் பள்ளத்துல போயிரும், கீழ இருக்கிறவன் பனியில நடந்து போய் தேடணும். (டெலிவரி பாய் அட்ரஸ் மாறி வந்தா நாம எவ்ளோ கத்துறோம்.)

வடகிழக்குல இன்னொரு உலகம். ஜோர்ஹாட்ல இருந்து கெளம்பி அருணாச்சல்ல மேச்சுகா, டூட்டிங், விஜயநகர்னு பள்ளத்தாக்குக்குள்ள இருக்கிற குட்டி ஸ்ட்ரிப்ல எறங்கணும், கண்ணால பாத்துத்தான் எறங்கணும், அங்க மேகம் நிமிஷத்துல மாறும். 2019 ஜூன் 3 அன்னிக்கு மேச்சுகாவுக்குப் போன ஏ.என்-32 வந்து சேரல, 13 பேர். எட்டு நாள் தேடினதுக்கு அப்புறம் சியாங் மாவட்ட மலையில சிதறிக் கெடந்ததைப் பாத்தாங்க.

நம்ம தாம்பரத்தையே மறந்துட்டீங்களா? 2016 ஜூலை 22 காலையில தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏ.என்-32, 29 பேரோட வங்காள விரிகுடாவுல காணாமப் போச்சு. அப்ப எவ்ளோ தேடியும் ஒண்ணும் கிடைக்கல. 2024 ஜனவரியிலதான் சென்னைக் கரையில இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்துல கெடந்த துண்டுகள் அந்த வண்டியோடதா இருக்கும்னு சொன்னாங்க, படம் எடுத்தது நம்ம பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட தானியங்கி நீர்மூழ்கி. அதுக்கும் முன்னாடி, 1968 பிப்ரவரி 7, சண்டிகர்ல இருந்து லே போன ஏ.என்-12, மோசமான வானிலையால பாதியில திரும்பினது, 102 பேரோட காணாமப் போச்சு. சிதைவு கண்ணுல பட்டதே 2003-லதான். 2024-ல கூட லாஹவுல் பனியில இருந்து நாலு பேரோட உடலை எடுத்தாங்க, 56 வருஷம் கழிச்சு. உங்களை பயமுறுத்த இதை எழுதல. இது எதுவுமே சண்டையில நடந்தது இல்ல, சாதாரண நாள்ல, ரெகுலர் ஃப்ளைட்ல நடந்தது. ரிஸ்க் இல்லாத வேலைன்னு யாராவது சொன்னா இதுல ஒண்ணையாவது சொல்லுங்க.

பெருமை வேணும்னா அதுக்கும் பஞ்சமில்ல. 1948 மே 24, லேயில மொதல் தடவையா எறங்கினது ஒரு டகோட்டா சரக்கு விமானம், ஓட்டினவர் ஏர் கமடோர் மெஹர் சிங், கூட உக்காந்துட்டுப் போனவர் அப்ப காஷ்மீர் சண்டையில தரைப்படைய நடத்தின ஜெனரல் திம்மய்யா. அந்த வண்டியில கேபின் பிரஷரும் கிடையாது, சரியான மேப்பும் கிடையாது, இமயமலையத் தாண்டி ஆத்தோரமா மண்ணைச் சமன் பண்ணிப் போட்ட ஸ்ட்ரிப்ல போய் எறங்கினாங்க. அன்னிக்கு லே கையவிட்டுப் போகாம இருந்ததுல அந்த சரக்கு வண்டிக்கு பெரிய பங்கு இருக்கு. 1987 ஜூன் 4, ஆபரேஷன் பூமாலை, யாழ்ப்பாணத்து மேல அரிசியும் பருப்பும் போட்டாங்களே, அதோட அரசியலை இன்னொரு நாள் பேசலாம், போட்டது பெங்களூருல இருந்து போன அஞ்சு ஏ.என்-32. மிராஜ் ஃபைட்டரும் போச்சு, எதுக்குன்னா இந்த ஏ.என்-32-க்குக் காவலா! உங்க பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட இதை மட்டும் மறக்காம சொல்லுங்க, அன்னிக்கு ஃபைட்டர்காரங்கதான் துணைக்குப் போனாங்க.

கிட்டத்துல நடந்ததுன்னா 2023 ஏப்ரல் 27 ராத்திரி, சூடான்ல மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்களை மீட்கப் போனது. கார்டூமுக்கு வடக்க வாடி செய்யிட்னாங்கிற எடத்துல ரன்வே பாழடைஞ்சு கெடக்கு, லைட் இல்ல, வழிகாட்டுற கருவி இல்ல, எரிபொருள் இல்ல, சுத்தி சண்டை வேற நடக்குது. சி-130ஜே சரக்கு விமானத்தை நைட் விஷன் கண்ணாடி போட்டுக்கிட்டு எறக்கி, எஞ்சினை நிறுத்தாம 121 பேரை ஏத்திட்டு ஜெட்டாவுக்கு வந்தாங்க, அதுல ஒரு கர்ப்பிணியும் இருந்தாங்க. கோவிட் ரெண்டாவது அலையில சிங்கப்பூர், துபாய்னு போய் காலி ஆக்ஸிஜன் டேங்கரைத் தூக்கிட்டு வந்ததும் இதே ஆளுங்கதான். நிரப்பின டேங்கரைப் பறக்க விடுறது ஆபத்து, அதனால காலியா விமானத்துல கொண்டு வந்து நிரப்பி, ரயில்லயும் ரோட்டுலயும் அனுப்புனாங்க. 2015 வெள்ளத்துல மீனம்பாக்கம் ஏர்போர்ட்டே மூடிக் கெடந்தப்ப மீட்புப் படைய சென்னைப் பக்கம் கொண்டு வந்து எறக்கினதும் இந்த ட்ரான்ஸ்போர்ட் வண்டிங்கதான். அன்னிக்கு யாரும் ஃபைட்டரான்னு கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல.

சரி, நீங்க சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஏர்ஃபோர்ஸுக்குள்ளயே ஃபைட்டர்காரங்களுக்குத்தான் மவுசு. சீஃப் நாற்காலி பெரும்பாலும் அவங்களுக்குத்தான், 2007-ல ஃபாலி ஹோமி மேஜர் வந்தப்பதான் மொதல் தடவையா ஒரு ஹெலிகாப்டர் பைலட் அங்க உக்காந்தாரு. இந்த ஏத்தத்தாழ்வு எனக்குப் பிடிக்கல, ஆனா இல்லைன்னு பொய் சொல்லவும் முடியாது. அதுக்காக ட்ரான்ஸ்போர்ட்ல யாரும் சும்மா மேல வந்துட முடியாது, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளிய கண்ணு தெரியாதப்ப கருவியப் பாத்து ஓட்டுற தகுதி) ஒயிட், க்ரீன், மாஸ்டர் க்ரீன்னு படிப்படியா ஏறணும், பரிசோதகர் பக்கத்துல உக்காந்து குடைஞ்சு எடுப்பாரு, பல வருஷம் ரைட் சீட்ல கோ-பைலட்டா உக்காந்தப்புறம்தான் கேப்டன் சீட். பழைய ஏ.என்-32-ல நேவிகேட்டர், ஃப்ளைட் எஞ்சினியர்னு ஒரு குடும்பமே கூட இருக்கும். புது சி-17-ல எழுபது டன்னுக்கு மேல ஏத்திக்கிட்டு ரெண்டு பைலட், சரக்கைப் பாத்துக்கிற ஒரு லோட்மாஸ்டர், அவ்ளோதான்.

பொண்ணு வீட்டுல நீங்க உண்மையா சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்கு, அதை சொல்றீங்களான்னு தெரியல. இவன் வீட்டுல இருக்கிற நாளு கம்மியா இருக்கும். டிடாச்மென்ட்னு வெளியூர் டூட்டிக்கு வாரக்கணக்குல போவான். எங்கயோ பூகம்பம், எங்கயோ புயல், காபூல்ல ஆட்சி மாறிருச்சுன்னு ராத்திரி நியூஸ்ல பாத்துட்டு இருக்கும்போதே ஃபோன் வரும், எப்ப திரும்புவேன்னு சொல்ல முடியாது, சில நேரம் எங்க போறேன்னே சொல்ல முடியாது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரான்ஸ்ஃபர், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் மாறும், பாஷை மாறும். இதைக் கேட்டு மூஞ்சி மாறினா அவங்க மேல கோவப்படாதீங்க, அது நியாயமான தயக்கம். ட்ரான்ஸ்போர்ட்டுங்கிற வார்த்தைக்கே மூஞ்சி மாறினா அந்த எடம் வேண்டாம், வேற பாருங்க.

கடைசியா ஏர்லைன்ஸ். ரெண்டு மூணு வருஷத்துல வெளிய வர்ற கதையெல்லாம் நடக்காது சார். ஷார்ட் சர்வீஸ்ல (குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் எடுக்கிறது) போயிருந்தா பைலட்டுக்கு 14 வருஷம், பெர்மனன்ட் கமிஷன்னா (ஓய்வு வயசு வரைக்கும் இருக்கிறது) பென்ஷனுக்கே 20 வருஷம் ஓட்டணும், நடுவுல நெனைச்சப்ப வெளிய விட மாட்டாங்க, அரசாங்கம் இவன் ட்ரெய்னிங்குக்குக் கொட்டுற காசு கொஞ்சநஞ்சமில்ல. வெளிய வந்தாலும் டி.ஜி.சி.ஏ (சிவில் விமானத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) பரீட்சை எழுதி சிவில் லைசென்ஸ் வாங்கணும். ஆனா ஒண்ணு, ஏர்லைன்ஸ் கேக்குறது ரெண்டு பேரு சேந்து ஓட்டுற பல எஞ்சின் விமானத்துல எத்தனை மணி நேரம் பறந்திருக்கன்னுதான், ட்ரான்ஸ்போர்ட்காரன்கிட்ட அது மூட்டை மூட்டையா இருக்கும், ஃபைட்டர்காரன்தான் அங்க தடுமாறுவான். ஆக ஏர்லைன்ஸ்தான் உங்க கனவுன்னா, ஃபைட்டர் கிடைக்கலைன்னு அழறதுக்கு பதிலா நீங்க பிள்ளையாருக்குத் தேங்காதான் ஒடைக்கணும். ஒடைக்கிறதுக்கு முன்னாடி பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, வெளிய வர்ற ஐடியா அவனுக்கு இருக்கான்னு இத்தனை பெரிய லெட்டர்ல நீங்க ஒரு எடத்துலயும் எழுதல.