ஏழு ஒன்றுகள் பகா எண்ணா?

1111111 பகா எண்ணுன்னு உங்க மகள் சொல்றா, சரியான்னு கேட்டீங்க. அது பகா எண் இல்லை. 239-ஐ 4649-ஆல் பெருக்கிப் பாருங்க, அதே ஏழு ஒன்றுகள் வரும்.

இரண்டாம் படிவத்துல இருக்கிற உங்க மகள் 100 வரைக்கும் வகுத்துட்டு நிறுத்தினதுதான் காரணம்னு நினைக்கிறேன். இதோட வர்க்கமூலம் 1054 சொச்சம், அதுவரைக்கும் போகணும்.

ஆனா அவ்வளவையும் வகுக்க வேண்டாம். இதோட பகாக் காரணி எதுவானாலும், 14-ஆல் வகுத்தா மீதி 1 வரும். அப்படி மீதி 1 வர்ற பகா எண்களை மட்டும் வரிசையா பாருங்க: 29, 43, 71, 113, 127, 197, 211 எதுவும் போகாது. எட்டாவதா 239 சிக்கும். எவ்வளவு அழகு பாருங்க! சுங்கை சிப்பூட்ல தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு மாலை வகுப்புல இதைக் கரும்பலகையிலேயே செஞ்சோம், கால்குலேட்டரைத் தொடலை.

இந்த 14 கணக்கு ஏழு ஒன்றுகளுக்கு மட்டுந்தான். 7 பகா எண்ங்கிறதால ஏழு ஒன்றுகளும் பகா எண்ணாத்தான் இருக்கும்னு நம்பிடாதீங்க: 11 ஒன்றுகளும் உடையும், 21649 × 513239. 19 ஒன்றுகள் உடையாது.