குட்டி ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளை இணைப்பது: வெர்மான்ட் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சின்னச் சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளைப் பெரிய வட்டாரங்களாக இணைப்பது பற்றி நம் குழு உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: இங்கே கல்வி மாவட்டங்களை மாற்றி அமைத்தால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அங்கே ஏன் இவ்வளவு சண்டை?

நம் கல்வி மாவட்டம் அரசின் நிர்வாகப் பிரிவு, அவ்வளவுதான். அங்கே ஒரு டிஸ்ட்ரிக்டுக்குத் தேர்தலில் வென்றவர்களின் போர்டு (பள்ளி வாரியம்) உண்டு, தனி பட்ஜெட் உண்டு, கட்டடங்களும் அதற்கே சொந்தம். வெர்மான்டில் பெரும்பாலான ஊர்களில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊரே வாக்களித்துத்தான் பள்ளி பட்ஜெட் நிறைவேறும். பிடிக்காவிட்டால் தோற்கடித்துவிடுவார்கள்: 2024-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பட்ஜெட்டுகள் அப்படித் தோற்றன. இணைத்தால் இந்த அதிகாரம் பக்கத்து ஊர்களோடு பங்கு போடப்படும். சண்டையே அதற்குத்தான்.

சென்னையிலிருந்து ஒருவர்: அப்படி எத்தனை டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன?

மாநில மக்கள்தொகையே ஆறரை லட்சம்தான். 80,000 சொச்சம் மாணவர்களுக்கு 119 டிஸ்ட்ரிக்டுகள். நாடு முழுக்க 1940 வாக்கில் 1,17,000 இருந்தது, இப்போது 13,000 சொச்சம். மற்ற மாநிலங்கள் எப்போதோ முடித்த வேலையைத்தான் வெர்மான்ட் இப்போது செய்கிறது.

அதே நண்பர்: இதற்கு முன்னால் முயன்றதே இல்லையா?

முயன்றார்கள். 2015-ல் வந்த 46-ஆம் சட்டம், குறைந்தது 900 மாணவர்கள் கொண்ட டிஸ்ட்ரிக்டுகளை இலக்காக வைத்தது. சீக்கிரம் இணைந்தவர்களுக்கு பள்ளிகளுக்கான சொத்து வரியில் 100 டாலர் சொத்து மதிப்புக்கு முதல் ஆண்டு 10 சென்ட் சலுகை, பிறகு அது ஆண்டுக்கு 2 சென்ட் வீதம் குறையும். பலர் இணைந்தார்கள். அடம்பிடித்தவர்களில் பல ஊர்களை 2018 இறுதியில் மாநிலக் கல்வி வாரியமே உத்தரவு போட்டு இணைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட போர்டுகள் வழக்குப் போட்டன. 2020-ல் மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது.

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை: சரி அண்ணா, பணம் மிச்சமானதா? எங்கள் ஊர் சொத்து வரியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

சொன்ன அளவுக்கு ஆகவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

பலர் நினைப்பது போல சூப்பரின்டெண்டன்ட் (டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி) சம்பளத்தில் பெரிய மிச்சம் கிடையாது. வெர்மான்டில் பல டிஸ்ட்ரிக்டுகள் ஏற்கெனவே ஒரே சூப்பரின்டெண்டன்டைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஐந்து தணிக்கைக்குப் பதில் ஒரு தணிக்கை, ஐந்து போர்டுக்குப் பதில் ஒன்று என்பதெல்லாம் சில்லறை. அப்புறம், இணைந்த ஊர்களின் ஆசிரியர்களுக்கு ஒரே சம்பள ஒப்பந்தம் போட வேண்டும். அப்போது யாருடைய சம்பளமும் இறங்காது, குறைவாக வாங்கியவர்களுக்கு ஏறும். மிச்சமானதை அதுவும் பஸ் செலவும் தின்றுவிடும். இதற்கு நடுவே ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு தாறுமாறாக ஏறியது. அதற்கும் டிஸ்ட்ரிக்ட் எல்லைக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான பணம் வகுப்பறையில் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதைப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மாற்றினால்தான் கணக்கு மாறும். 2025-ல் ஆளுநர் ஃபில் ஸ்காட் கையெழுத்திட்ட 73-ஆம் சட்டம் வகுப்புக்குக் குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்திருப்பது அதனால்தான். அந்தச் சட்டம் நினைப்பது 4,000 முதல் 8,000 மாணவர்கள் கொண்ட டிஸ்ட்ரிக்டுகள். வகுப்பைப் பெரிதாக்கினால் சில கிராமப் பள்ளிகள் மூடப்படும். இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லாமல் ‘நிர்வாகச் சிக்கனம்’ என்று பேசுவதுதான் எனக்கு எரிச்சல்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: வரைபடத்தில் கோடு போட்டால் முடிந்துவிடாதா?

முடியாது தம்பி. உயர்நிலைப் பள்ளியே இல்லாத ஊர்கள் அங்கே நிறைய. அந்த ஊர்கள் பிள்ளைகள் விரும்பும் வேறு பள்ளிக்கு வரிப்பணத்தில் கட்டணம் கட்டுகின்றன. செயின்ட் ஜான்ஸ்பரி அகாடமி போன்ற தனியார் பள்ளிகள் அதில்தான் ஓடுகின்றன. ஒரே டிஸ்ட்ரிக்ட் ஒரே வகுப்புக்குச் சொந்தப் பள்ளியும் நடத்தி, வெளிப் பள்ளிக்குக் கட்டணமும் கட்ட முடியாது. அதனால் இரண்டு வகை ஊர்களைச் சேர்த்தால் ஒரு தரப்பு இழந்தே ஆக வேண்டும். 73-ஆம் சட்டப்படி வரைபடம் போட அமைத்த குழுவே கட்டாய இணைப்புக்கு வரைபடம் தராமல், விரும்பினால் இணையலாம் என்று பரிந்துரைத்தது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வழக்கறிஞர்: ஏழை ஊர்களுக்கு இணைப்பு நல்லதுதானே?

எப்போதும் அல்ல. ஆர்கன்சா என்ற இன்னொரு அமெரிக்க மாநிலத்தின் லேக் வியூ, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த ஏழை டிஸ்ட்ரிக்ட். பள்ளி நிதி நியாயமாகப் பங்கிடப்படவில்லை என்று 1992-ல் வழக்குப் போட்டது. 2002-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிதியைச் சரிசெய்யக் கிளம்பிய சட்டமன்றம், கூடவே 350 மாணவர்களுக்குக் கீழே உள்ள டிஸ்ட்ரிக்டுகள் இணைந்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் போட்டது. 2004-ல் லேக் வியூவே பார்ட்டன்-லெக்சா என்ற பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு இணைக்கப்பட்டது. வழக்கில் ஜெயித்த டிஸ்ட்ரிக்ட் இன்று இல்லை.

பாஸ்டனிலிருந்து ஒருவர்: வெர்மான்ட் கிராமம் ஒன்றில் வீடு பார்க்கிறோம். பள்ளி விஷயத்தில் என்ன விசாரிக்க வேண்டும்?

அந்த ஊர் இணைந்த டிஸ்ட்ரிக்டில் இருந்தால், இணைப்பு ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். அது பொது ஆவணம், கேட்டால் தருவார்கள். பள்ளியை மூட போர்டின் முடிவே போதுமா, அந்த ஊர் மக்களின் வாக்கும் வேண்டுமா என்று அதில் இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். முதல் வகுப்பில் ஆறு பேர்தான் என்றால், பள்ளியை நம்பி வீட்டு விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.