தலைக்காயம்: இரண்டு பக்க மூளைக்கும் தொடர்பு அறுந்தால்? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்தார். சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது சட்டைப் பட்டன் போடக்கூட இரண்டு கையும் ஒத்துவரவில்லை. ஏன் டாக்டர்?

பதில்: சி.டி. ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பிழை அறுந்ததைப் பெரும்பாலும் காட்டாது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் சுமார் 20 கோடி இழைகள் உண்டு. தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது அவை இழுபடும். மண்டை உடைய வேண்டும் என்பதில்லை. எல்லாம் அந்த நொடியே அறுவதுமில்லை. பல இழைகள் வீங்கி, மணிக்கணக்கில், நாள்கணக்கில் துண்டாகும். பட்டன் போடும்போது இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்து நடக்க வேண்டும். அந்தத் தகவல் போகும் வழி கார்பஸ் கலோசம்தான். வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நுண்ணிய ரத்தக்கசிவைத் தேட அதில் தனி முறையே இருக்கிறது.

கேள்வி: ஸ்கேன் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு. கண்ணை மூடச் சொல்லி இடது கையில் ஒரு சாவியைக் கொடுப்போம். தொட்ட உணர்வு வலது மூளைக்குப் போகும்; பேச்சு பெரும்பாலோருக்கு இடது மூளையில். தொடர்பு அறுந்திருந்தால் 'சாவி' என்று சொல்ல வராது. ஆனால் நாலு பொருளோடு கலந்து வைத்தால் அதே இடது கை சரியாக எடுத்துவிடும்! வலிப்பு நோய்க்காக இந்த இணைப்பு வெட்டப்பட்ட நோயாளிகளிடம் இப்படிச் சோதித்த மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு தாத்தா கடிதம் எழுதுகிறார், ஆனால் தான் எழுதியதையே வாசிக்கத் தெரியவில்லை. நடிக்கிறாரா?

பதில்: ஐயோ, இல்லை. பாரிஸில் தெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவர் 1892லேயே இப்படி ஒருவரை விவரித்திருக்கிறார். இடது மூளையில் பார்வைக்கான பின்பகுதியும் கார்பஸ் கலோசத்தின் பின்முனையும் சேர்ந்து கெட்டால் இது வரும். எழுத்தை வலது மூளை பார்க்கிறது. மொழி இருக்கும் இடதுபக்கத்துக்கு அது போய்ச் சேர்வதில்லை. எழுதும் வழி தப்பித்துவிடுகிறது. எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; சிலருக்கு அப்படி வாசிக்க வரும்.

கேள்வி: நான் வலது மூளைக்காரன். எனக்கு ஆபத்து குறைவா?

பதில்: அப்படி ஓர் ஆள் வகையே கிடையாது. ஹெல்மெட் போடுங்கள்.

கேள்வி: அறுந்தது திரும்ப ஒட்டுமா?

பதில்: அறுந்த இழை ஒட்டாது. மிஞ்சிய இழைகளும் மாற்று வழிகளும் வேலையை ஏற்றுக்கொள்ளும்; முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பட்டன், டிபன் பாக்ஸ் மூடி, கயிற்று முடிச்சு என்று இரண்டு கை வேலையையே தினமும் செய்ய வையுங்கள். அவசரம் என்று நீங்கள் போட்டுவிடாதீர்கள்.