முதலில் அந்த 14 பவுனை மீட்டுக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவிக்கு 38. பி.எஃப். தவிர ஓய்வுக்காலத்துக்கென்று எதுவும் சேர்க்கவில்லை. 3 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் 7 சதவீத வட்டிக்குக் கிடக்கிறது. இனி மாதம் 8,000 ரூபாய் போட முடியும். மியூச்சுவல் ஃபண்ட் நல்லதா, பி.பி.எஃப். என்கிற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம் நல்லதா? ரொம்பத் தாமதித்துவிட்டேனா? மனை வாங்குவதற்காக 4 வருடம் முன்பு மனைவியின் 14 பவுனை 4 லட்சத்துக்கு அடகு வைத்தோம். வருடா வருடம் 48,000 வட்டி கட்டித் திருப்பி வைத்துவிடுகிறோம், அதில் சிக்கல் இல்லை. கல்யாண வீடுகளுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு வர அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். மனை என் பெயரில் இருக்கிறது.

பதில்: தாமதம்தான். 8 சதவீதக் கூட்டு வட்டியில் 25 வயதிலிருந்து மாதம் 5,000 போடுகிறவருக்கு 60-ல் ஏறக்குறைய 1.15 கோடி சேரும். 45-ல் ஆரம்பித்தால் 17 லட்சம். விட்ட 20 வருடத்தை எந்த ஃபண்டும் திருப்பித் தராது.

அது போகட்டும். ‘அதில் சிக்கல் இல்லை’ என்று எப்படி எழுத மனசு வந்தது? நான்கு வருடத்தில் 1,92,000 ரூபாய் வட்டியாகப் போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. நகைக்கடனுக்கு 12 சதவீதம் கட்டிக்கொண்டே 7 சதவீதத்துக்கு டெபாசிட் வைத்திருப்பதற்குப் பெயர் சேமிப்பா?

பணக்கணக்கை விடுங்கள். அந்த நகை அவருடைய அம்மா வீட்டில் போட்டதோ நீங்கள் வாங்கித் தந்ததோ, அவருடைய சொத்து. சீதனத்தில் கணவனுக்குப் பங்கில்லை, கஷ்டத்துக்கு எடுத்தால் திருப்பித் தர வேண்டியது அவன் கடமை என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவர் நகை அடகுக்கடையில், மனை உங்கள் பெயரில், வருத்தம் மட்டும் அவருக்கு. சபையில் கவரிங்கை முந்தானையால் மூடிக்கொண்டு உட்காரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் ‘கொஞ்சம் வருத்தம்’ என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. அவர் உங்களைவிட 8 வயது இளையவர். உங்களுக்குப் பிறகும் அவர் பல வருடம் வாழ வேண்டியிருக்கும். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பில், உங்கள் பி.எஃப். பென்ஷன் மாதம் 7,500-ஐத் தாண்டாது. பென்ஷன் வாங்கும் காலத்தில் நீங்கள் போய்விட்டால் அவருக்கு அதில் பாதிதான். அதை வைத்துக்கொண்டு மளிகை வாங்குவாரா, மருந்து வாங்குவாரா? கடிதம் முழுக்க ‘என் ஓய்வுக்காலம்’தான், அவருடையதைப் பற்றி ஒரு வரி இல்லை.

டெபாசிட்டை உடையுங்கள். ஆத்திர அவசரத்துக்கு 50,000 வைத்துக்கொண்டு இரண்டரை லட்சத்தை அசலில் கட்டுங்கள். இப்போது வட்டிக்குப் போகிற மாதம் 4,000-ஐயும் நீங்கள் சொன்ன 8,000-ஐயும் மீதி ஒன்றரை லட்சத்துக்குத் திருப்பினால் ஒன்றேகால் வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை ஃபண்ட் பேச்சை எடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த 12,000-இல் பாதியை அவர் பெயரில் பி.பி.எஃப். போடுங்கள். 15 வருட முதிர்வு. போஸ்ட் ஆபீசுக்கு அவரையும் கூட்டிப்போங்கள், பாஸ்புக் அவர் கையில் இருக்கட்டும். மீதியை நீங்கள் கேட்ட ஃபண்டில் போடலாம். மனையில் பாதியை அவருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான்.