மறதி: நமக்குத் தெரிவதும் வீட்டார் கண்ணில் படுவதும்

கேள்வி (68 வயது): எதிரே வருபவரின் முகம் நன்றாகத் தெரிகிறது டாக்டர், பெயர்தான் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. ராத்திரி படுக்கும்போது சட்டென்று வருகிறது. இது டிமென்ஷியா என்ற மறதிநோயின் ஆரம்பமா?

பதில்: பெயர் பிறகு தானாக வந்துவிடுகிறதே, அது நல்ல அறிகுறி ஐயா. நினைவு அழியவில்லை, எடுத்துத் தர நேரம் பிடிக்கிறது. வயதானால் மூளையின் வேகம் குறையும். சொல்வளம் அவ்வளவாகக் குறையாது. ஒரு சொல் வராவிட்டால் வேறு சொல்லால் சமாளிக்கலாம், ஆட்பெயருக்கு மாற்று கிடையாது. அதனால்தான் பெயர் மறந்ததை உடனே உணர்கிறோம்.

கேள்வி: அம்மா அரை மணிக்குள் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறார். எடுத்துச் சொன்னால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று கோபப்படுகிறார். பிடிவாதமா?

பதில்: தயவுசெய்து அப்படி எண்ணாதீர்கள். டிமென்ஷியாவில் தன் குறையைத் தானே கவனிக்கும் திறனும் சேர்ந்து பாதிக்கப்படலாம். அனோசோக்னோசியா என்பார்கள். கேள்வி கேட்டதே அவர் நினைவில் பதியவில்லை. உங்கள் புகார் அவருக்குப் பொய்யாகத்தான் படும். வாதாடாதீர்கள், "நேற்று என்ன சாப்பிட்டாய்" என்று சோதிக்கவும் வேண்டாம். பொதுப் பரிசோதனை என்று சொல்லி அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் நீங்கள் தனியாகவும் பேச வேண்டும். ஏடி8 என்ற 8 கேள்விப் படிவம் கூடவே இருப்பவரிடம் கேட்பதற்கென்றே உருவானது. கடந்த சில வருடங்களில் என்ன மாறியது என்பதைத்தான் அது கேட்கிறது. பணக் கணக்கில் குழப்பம், சந்திப்புகளை மறப்பது போன்றவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (72 வயது, ஓய்வுபெற்ற பேராசிரியை): நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மோகா பரிசோதனையில் 30க்கு 28. ஆனாலும் முன்போல் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்க ஒன்றுமில்லை அம்மா. 26ஓ அதற்கு மேலோ வந்தால் இயல்பு என்பது பொதுக்கணக்கு. நிறையப் படித்தவர்களிடம் தொடக்கநிலைச் சரிவு அதில் தப்பிவிடலாம். இப்படி உணர்பவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மனச்சோர்வும் பதற்றமும்கூட இதே உணர்வைத் தரும். வைட்டமின் பி12, தைராய்டு, காது, தூக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். தூக்கத்துக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவற்றில் சில நினைவை மந்தமாக்கும். ஒரு வருடம் கழித்து மறுபடி சோதித்து, இந்த 28உடன் ஒப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்போன் புதிர் விளையாட்டு உதவுமா?

பதில்: அந்த விளையாட்டில் தேறுவீர்கள், அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். காது மந்தமாக இருந்தால் கருவி மாட்டுங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், நடங்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கான 14 தவிர்க்கத்தக்க காரணிகளில் இந்த மூன்றும் உண்டு.